மூன்றாம் பந்தியின் இடத்தில்: சுவிஸ் நாட்டுப் பள்ளிவாசல்களும் நமது பழைய கதையும்



சுவிஸ் குடியுரிமைக்கான நேர்முகத்துக்குத் தம்மை ஆயத்தம் செய்யும் நம் இளையோர் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு வினாவைக் கொண்டுவந்தனர். கூட்டாட்சி அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை சமய, மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு உறுதியளிக்கிறது. அதே அரசியலமைப்பின் 72ஆம் உறுப்புரை மினாரா கட்டுவதைத் தடை செய்கிறது. இரண்டும் எவ்வாறு ஒரே நூலில் வாழ்கின்றன என்பதே அவர்களது வினா. நேர்முகத்துக்கு வேண்டிய விடை இரண்டு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய நீண்ட வரலாறு ஒன்று அந்த 72ஆம் உறுப்புரையின் பின்னால் உண்டு. ஞாயிறு மறையுரையில் அதற்கு இடம் போதாது. ஆதலால் இங்கே எழுதுகிறேன். சற்று நீளம்தான், பொறுமையோடு வாசியுங்கள்.

72ஆம் உறுப்புரை சமயத்துக்கும் அரசுக்கும் இடையிலான உறவைப் பற்றியது. அவ்வுறவை ஒழுங்குசெய்யும் பொறுப்பை முதற் பந்தி மாநிலங்களிடம் விடுகிறது. பல்வேறு சமயத்தவரிடையே பொது அமைதியைக் காக்க நடவடிக்கை எடுக்கும் உரிமையை இரண்டாம் பந்தி கூட்டாட்சிக்கும் மாநிலங்களுக்கும் வழங்குகிறது. மூன்றாம் பந்தி ஒரே வரி: மினாரா கட்டுவது தடை. 2009 நவம்பர் 29ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பின் பயனாக அந்த வரி அங்கே ஏறியது. அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைப் பலர் அறியார். 2001 ஜூன் மாதம் வரை அங்கே இருந்தது நம்மைப் பற்றிய வரி. கூட்டாட்சி அரசின் ஒப்புதல் இன்றி இந்நாட்டில் எந்த மறைமாவட்டத்தையும் நிறுவக் கூடாது என்று அது சொல்லிற்று. 2001 ஜூன் 10ஆம் நாள் வாக்காளரில் 64 விழுக்காட்டினர் அதை நீக்கச் சம்மதித்தனர். எட்டு ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில், அதே எண்ணின் கீழ், மினாரா வந்து அமர்ந்தது.

முதலில் இன்றைய நிலையைப் பார்ப்போம். இந்நாட்டில் பள்ளிவாசல்களும் தொழுகையறைகளுமாக ஏறத்தாழ 250 இடங்கள் உள்ளன. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 6 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அவர்களில் பெரும்பாலோர் துருக்கியிலிருந்தும் பழைய யூகோஸ்லாவிய நாடுகளிலிருந்தும் வந்த குடும்பத்தினர். 250 இடங்களில் மினாரா உடையவை நான்கே: சூரிச், ஜெனீவா, வின்ரர்தூர், ஒல்ரனுக்கு அருகிலுள்ள வாங்கன். அந்த நான்கில் எதிலிருந்தும் தொழுகைக்கான அழைப்பு வெளியே ஒலிப்பதில்லை.

மற்றவற்றை நீங்கள் அறியாமலே நாள்தோறும் கடந்து செல்கிறீர்கள். தொழில் வலயத்தில் வாகனத் திருத்தகத்துக்கு மேல்மாடியிலும், மூடப்பட்ட தொழிற்சாலையின் ஒரு பகுதியிலும், அடுக்குமாடியின் பின்முற்றத்திலும், நிலக்கீழ் அறைகளிலும் அவை இருக்கின்றன. கதவருகே ஒரு சங்கத்தின் பெயர்ப்பலகை. உள்ளே காலணி அடுக்கும் தட்டுகள், கைகால் கழுவும் இடம், தேநீர் அருந்த ஒரு சிறு கூடம், பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகும் அறை. மக்காவை நோக்கித் தொழ வேண்டும். இங்கிருந்து அது தென்கிழக்கு. தொழுகைக்கென்று கட்டப்படாத அறையில் சுவர் ஒரு திசையிலும் தொழுகை வேறொரு திசையிலும் அமைந்துவிடுவதால், கம்பளத்தின் வரிகள் அறைக்குக் குறுக்கே சாய்ந்து ஓடும். அந்தச் சாய்ந்த கோடுகளைக் காணும்போதெல்லாம், வேறொருவர் கட்டிய வீட்டில் குடியிருப்போரின் நிலையை எண்ணிக்கொள்வேன்.

சட்டத்தின் கண்ணில் இவை பெரும்பாலும் சங்கங்கள். விளையாட்டுக் கழகம் ஒன்றைப் பதிவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. உறுப்பினர் சந்தா செலுத்துவர். வாடகையும் இமாமின் சம்பளமும் அதிலிருந்தே போகும். கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற நகரசபையின் அனுமதி வேண்டும். அறிவித்தல் வெளியானதும் அயலவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் வாகனத் தரிப்பிடம் போதாது என்பதும் நோன்பு காலத்தில் இரவில் ஆள் நடமாட்டம் மிகுதி என்பதும் வழக்கமான ஆட்சேபங்கள். ஆட்லிஸ்வில் முருகன் கோவிலும் தொழிற்பேட்டைப் பகுதியில்தான் இருக்கிறது. நம் சைவ உறவினரைக் கேட்டால் இந்த அனுபவத்தை அவர்களும் சொல்வார்கள்.

நமக்கோ அந்தத் தொல்லை இல்லை. நாம் திருப்பலி நிறைவேற்றும் ஆலயம் உள்ளூர்ப் பங்கு நமக்குத் திறந்துவிடும் ஆலயம். தமிழ் ஆன்மிகப் பணிக்கான செலவின் பெரும்பகுதி மாநிலத் திருச்சபைகள் திரட்டும் வரியிலிருந்து வருகிறது. பெரும்பாலான மாநிலங்களில் அரச ஏற்பு உரோமன் கத்தோலிக்கத் திருச்சபைக்கு உண்டு. முஸ்லிம் சங்கங்களுக்கு இல்லை. அகதியாக வந்திறங்கிய நாளிலேயே நமக்கு மேல் ஒரு கூரை இருந்தது. அந்தக் கூரை இந்நாட்டில் எப்படிக் கிடைத்தது என்பதே நான் சொல்ல விரும்பும் கதை.

சூரிச்சில் 11ஆம் இலக்க ட்ராமில் பால்கிறிஸ்ட் பக்கம் போகிறவர்கள் வெண்ணிறமான, மெலிந்த ஒரு மினாராவைக் கண்டிருப்பீர்கள். எதிரே சீர்திருத்தச் சபையின் ஆலயம். அதுவே மஹ்மூத் பள்ளிவாசல், இந்நாட்டில் கட்டப்பட்ட முதற் பள்ளிவாசல். மினாராவின் உயரம் 18 மீற்றர். 1962 ஓகஸ்ட் 25ஆம் நாள் அடிக்கல்லை நாட்டியவர் ஒரு பெண்மணி: அஹ்மதியா இயக்கத்தின் நிறுவனர் மிர்சா குலாம் அஹ்மதின் மகள் அமத்துல் ஹஃபீஸ் பேகம். 1963 ஜூன் 22ஆம் நாள் அதைத் திறந்துவைத்தவர் முஹம்மது சஃபருல்லா கான். அப்போது அவர் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைவர். மற்ற முஸ்லிம்களில் பெரும்பாலோர் அஹ்மதியரைத் தம்மவராக ஏற்பதில்லை. பாகிஸ்தான் 1974இல் அவர்களை முஸ்லிம் அல்லாதோர் என்று தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. தம் சொந்த மண்ணில் நெருக்கப்பட்ட சிறு கூட்டத்தினரே சுவிஸ் மண்ணில் முதல் மினாராவை எழுப்பினர் என்பதை மறவாதீர்கள்.

அந்தத் திறப்பு விழாவுக்கு முந்திய நாள் உரோமையில் ஆறாம் பவுல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குப் பதினைந்து நாள் கழித்து, 1963 ஜூலை 7ஆம் நாள், சூரிச் மாநில வாக்காளர் ஒரு சட்டத்தை ஏற்றனர். அதன் வழியாகவே கத்தோலிக்கத் திருச்சபை சூரிச்சில் சீர்திருத்தச் சபைக்கு நிகராக அரச ஏற்பும் வரி உரிமையும் பெற்றது. ஆம், 1963இல்தான். 1525இல் ஸ்விங்லியின் காலத்தில் சூரிச்சில் திருப்பலி ஒழிக்கப்பட்டது. 1807 வரை கத்தோலிக்கர் அங்கே பொது வழிபாடு நடத்த இயலவில்லை. பின்னர் கிடைத்த அகுஸ்தீனார் ஆலயமும் 1873இல் கைமாறியது: திருத்தந்தையின் வழுவாவரத்தை ஏற்க மறுத்துப் பிரிந்த பழைய கத்தோலிக்கரிடம் அது போயிற்று. உரோமையோடு நின்ற ஏழைகள், பெரும்பாலும் வேலை தேடி வந்தவர்கள், அந்நாளில் நகருக்கு வெளியே இருந்த தொழிலாளர் ஊராகிய அவுசர்சிலில் புனித பேதுரு பவுல் ஆலயத்தை எழுப்பினர். இன்று தொழில் வலயத்தில் தொழுகையிடம் தேடுவோரின் முகவரியும் நம் முன்னோரின் முகவரியும் அத்துணைத் தொலைவில் இல்லை.

ஜெனீவாவின் கதை வேறு. 1961இல் அங்கே ஓர் இஸ்லாமிய நிலையம் தோன்றியது. 1978இல் பெத்தி சக்கொனே பகுதியில் 22 மீற்றர் மினாராவுடன் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. சவூதி அரேபிய மன்னர் காலித் நேரில் வந்து திறந்துவைத்தார். பன்னாட்டு நிறுவனங்களின் நகரம் ஆதலால் அது பெரிய பூசலாகவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஜெனீவா அதற்கு நூறு ஆண்டு முன்பே பயிற்சி பெற்றிருந்தது. கல்வினின் நகரம் 1850ஐ ஒட்டித் தன் பழைய கோட்டைமதில்களை இடித்தது. வெறுமையான நிலத்தில் பல சமயத்தவருக்கு இடம் அளித்தது. நம் அன்னையின் நொத்ர்தாம் ஆலயம் 1857இல் அங்கே நிறைவுற்றது. 1859இல் யூதர்களின் தொழுகைக்கூடம். 1866இல் பொற்குவிமாடங்களுடன் உருசிய ஆலயம். நகரைக் காத்த மதில் நின்ற இடத்திலேயே நகருக்கு அந்நியமானவர்களின் வழிபாட்டிடங்கள் நின்றன. (அந்த நொத்ர்தாம் ஆலயமும் 1875இல் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டு 1912இல்தான் திரும்பி வந்தது. ஜெனீவாவும் முழுத் தூய்மையான நகரம் அன்று.)

பெரும்பாலான பள்ளிவாசல்களுக்கு மன்னர் எவரும் வரவில்லை. அவை தொழிலாளரின் பள்ளிவாசல்கள். 1960களிலிருந்து கட்டட வேலைக்கும் ஆலைகளுக்கும் துருக்கியரும் யூகோஸ்லாவியரும் அழைக்கப்பட்டனர். பருவகாலத் தொழிலாளருக்குக் குடும்பத்தை அழைத்துவர உரிமை இல்லை; தனி ஆண்கள் விடுதி அறையிலேயே தொழுதனர். பிற்காலத்தில் மனைவி மக்கள் வந்து சேர்ந்தபின்புதான் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிக்க ஓரிடம் வேண்டியதாயிற்று, வாடகைக்கு அறைகள் எடுக்கப்பட்டன. அவர்களுக்கு முன் அதே விடுதிகளில் இருந்தவர்கள் இத்தாலியர், நம் திருச்சபையின் பிள்ளைகள். 1970 ஜூன் 7ஆம் நாள் சுவார்சன்பாக் என்ற அரசியல்வாதியின் முன்மொழிவு வாக்குக்கு வந்தது. மாநிலமொன்றின் மக்கள் தொகையில் வெளிநாட்டினர் பத்து விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது அது. ஜெனீவாவுக்கு மட்டும் விலக்கு. நிறைவேறியிருந்தால் இலட்சக்கணக்கானோர் வெளியேற நேர்ந்திருக்கும். 46 விழுக்காட்டினர் ஆம் என்றனர். அந்த நாளில் நாட்டுக்கு அந்நியமாகத் தோன்றியவர் செபமாலையும் கையுமாக இருந்த இத்தாலியத் தொழிலாளியே.

இனி வாங்கன். ஒல்ரனில் வாழ்ந்த துருக்கியரின் சங்கம் ஒன்றுக்கு வாங்கனில், வேலைத்தலங்கள் நிறைந்த பகுதியில், ஒரு கட்டடம் இருந்தது. அதன் கூரைமேல் சுமார் 6 மீற்றர் உயரமான சிறு மினாரா ஒன்றை அமைக்க 2005இல் அவர்கள் அனுமதி கோரினர். உயரத்தைக் கவனியுங்கள்: நம் ஊர்ச் சிற்றாலயத்தின் மணிக்கூண்டைவிடக் குறைவு. ஆட்சேபங்கள் குவிந்தன, உள்ளூர்க் கட்டட ஆணைக்குழு மறுத்தது. சொலத்தூர்ன் மாநில அரசு அந்த மறுப்பைத் தள்ளியது. வழக்கு மாநில நீதிமன்றத்துக்கும் 2007இல் கூட்டாட்சி உயர்நீதிமன்றத்துக்கும் போயிற்று. இரண்டிலும் சங்கமே வென்றது. 2009 சனவரியில் மினாரா கூரையேறியது. வின்ரர்தூரில் அல்பானிய சங்கத்தின் மினாரா 2005இலேயே, பெரிய ஆரவாரம் இன்றி, எழுந்துவிட்டது.

நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு மக்கள்மன்றத்துக்குப் போனது. 2007 மே மாதம் கையெழுத்துத் திரட்டத் தொடங்கினர். ஒரு இலட்சம் தேவைப்பட்ட இடத்தில் 113,000க்கு மேல் சேர்ந்தன. கூட்டாட்சி அரசும் பாராளுமன்றமும் தடையை ஏற்க வேண்டாம் என்றன. நம் ஆயர் பேரவை வேண்டாம் என்றது. சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பும் யூதர்களின் கூட்டமைப்பும் வேண்டாம் என்றன. சுவிஸ் கொடியைத் துளைத்துக்கொண்டு ஏவுகணைகள்போல் மினாராக்கள் நிற்கும் சுவரொட்டி நாடெங்கும் பேசப்பட்டது. பாசலும் லோசானும் பொது இடங்களில் அதை ஒட்ட அனுமதிக்கவில்லை, சூரிச்சும் ஜெனீவாவும் கருத்துச் சுதந்திரம் கருதி அனுமதித்தன. கருத்துக் கணிப்புகள் தடை தோற்கும் என்றன. வாக்குப் பெட்டியோ 57.5 விழுக்காடு ஆம் என்றது. இல்லை என்றவை ஜெனீவா, வோ, நொசத்தெல் ஆகிய மாநிலங்களும் பாசல் நகரமும் மட்டுமே.

இங்கே நமக்கு வலிக்கும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஆம் என்ற வாக்கு விழுக்காடு எல்லாவற்றிலும் உயர்ந்திருந்த மாநிலம் அப்பென்செல் இன்னர்ரோடன், 71 விழுக்காட்டுக்கும் மேல். அது பழம்பெரும் கத்தோலிக்க மாநிலம். ஆயர்கள் சொன்னதை அங்கே மக்கள் கேட்கவில்லை என்பதுகூட எனக்குப் பெரிதன்று. ஆயர்கள் சொல்வதை நம்மவர் எப்போதும் கேட்பதில்லை. தம் பாட்டனார் பட்டதை அவர்கள் நினைவுகூரவில்லை என்பதே எனக்குப் பெரிது.

பாட்டனார் பட்டது என்ன? 1844இல் லுசேர்ன் மாநிலம் இயேசு சபைத் துறவியரைத் தன் கல்வி நிலையத்துக்கு அழைத்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஆர்காவ் தன் துறவற மடங்களை மூடியிருந்தது. சீர்திருத்தச் சபை மாநிலங்கள் கொதித்தன. ஏழு கத்தோலிக்க மாநிலங்கள் தனிக்கூட்டு அமைத்தன. 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. தளபதி துஃபூரின் நிதானத்தால் நான்கு வாரத்துக்குள் முடிந்த போர், நூறு அளவிலான உயிரிழப்போடு நின்றது. தோற்றவர் நாம். 1848இல் பிறந்த புதிய அரசியலமைப்பு இயேசு சபையை நாடு முழுவதிலும் தடை செய்தது. 1874இன் அரசியலமைப்பு இன்னும் ஒரு படி மேலே போயிற்று: இயேசு சபையினர் ஆலயத்திலோ பள்ளியிலோ எந்தப் பணியும் ஆற்றலாகாது, புதிய மடம் எதையும் நிறுவலாகாது, மூடிய மடத்தை மீண்டும் திறக்கலாகாது, அரசின் ஒப்புதலின்றி மறைமாவட்டம் ஆகாது. மட்டக்களப்பிலிருந்து வந்தவர்களே, புனித மிக்கேல் கல்லூரியில் உங்கள் தந்தையருக்குக் கல்வி புகட்டிய அதே சபையினருக்கு இந்நாட்டில் பள்ளியின் வாயில் சட்டப்படி அடைபட்டிருந்தது. 1973 மே 20 வரை அந்நிலை நீடித்தது. அந்நாளில் தடையை நீக்கச் சம்மதித்தோர் 54.9 விழுக்காட்டினர்; சூரிச்சும் பேர்ணும் அப்போதும் மறுத்தன.

அந்தத் தடைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்களைக் கேளுங்கள். இவர்களின் விசுவாசம் இந்த நாட்டுக்கு அன்று, மலைகளுக்கு அப்பாலுள்ள ஒரு வெளிநாட்டுத் தலைவருக்கு. இவர்களின் சட்டம் நம் சட்டத்துக்கு மேலானதென்று இவர்கள் நம்புகிறார்கள். இவர்கள் குடியாட்சிக்கு ஒவ்வாதவர்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அறியாமையில் வைத்திருப்பவர்கள். உரோமை என்ற சொல்லை எடுத்துவிட்டு மக்கா என்று வைத்தால் 2009இன் மேடைப்பேச்சு ஆகிவிடும். 1873இல் பாசல் ஆயர் லாஷா பதவியிறக்கப்பட்டார். அதே ஆண்டு ஜெனீவாவின் ஆயர் மெர்மியோவைக் கூட்டாட்சி அரசு நாடுகடத்தியது. அவர் இந்நாட்டுக் குடிமகன், இந்நாட்டில் பிறந்தவர். திருப்பீடத்துடன் முறிந்த உறவு 1920 வரை ஒட்டவில்லை. பேர்ண் மாநிலத்தின் யூறாப் பகுதியில் குருக்கள் விரட்டப்பட்டனர். ஆலயங்கள் வேறு கைக்குப் போயின. மக்கள் வைக்கோல் களஞ்சியங்களில் கூடித் திருப்பலி கண்டனர்.

நீங்கள் ஒவ்வோர் ஓகஸ்ட் மாதமும் குடும்பத்தோடு செல்லும் மரியஸ்ரைன் அன்னையின் திருத்தலத்தை எண்ணிப் பாருங்கள். அங்கிருந்த ஆசீர்வாதப்பர் சபை மடத்தைச் சொலத்தூர்ன் மாநில மக்கள் 1874இல் வாக்களித்தே கலைத்தனர். துறவியர் பிரான்சின் எல்லையிலுள்ள டெல் என்ற ஊருக்கும், பிறகு ஒஸ்ரியாவுக்கும் போய் ஒதுங்கினர். 1941இல் நாசிகள் அங்கிருந்தும் துரத்தவே, புகலிடம் தேடிக்கொண்டு மரியஸ்ரைனுக்கே திரும்பினர்; தம் சொந்த மடத்தில் விருந்தினராகத் தங்கினர். 1971இல்தான் மாநிலம் மடத்தை அவர்களிடம் மீட்டளித்தது. வாங்கனும் அதே சொலத்தூர்ன் மாநிலம். நாம் மெழுகுதிரி ஏற்றும் அந்தக் குகையாலயமும் தொழிற்பட்டறைகளிடையே நிற்கும் அந்த 6 மீற்றர் மினாராவும் ஒரே மாநிலத்தில்தான் இருக்கின்றன.

நம்மைவிட நெடுங்காலம் காத்திருந்தவர் யூதர். 1848இன் அரசியலமைப்பு வழிபாட்டுச் சுதந்திரத்தைக் கிறிஸ்தவருக்கு மட்டுமே அளித்தது. ஆர்காவில் எண்டிங்கன், லெங்னாவ் என்ற இரண்டு ஊர்களில் அடைபட்டிருந்த யூதர் 1866இல்தான் நாடெங்கும் குடியேறும் உரிமை பெற்றனர், 1874இல்தான் தடையற்ற வழிபாட்டுரிமை பெற்றனர். பின்னர் மக்கள் முன்மொழிவு என்ற புதிய கருவி இந்நாட்டுக்குக் கிடைத்தபோது, 1893இல், அதன் வழியாக வாக்குக்கு வந்த முதல் முன்மொழிவே யூதர் தம் மறைமுறைப்படி விலங்கறுப்பதைத் தடை செய்வது. அரசும் பாராளுமன்றமும் வேண்டாம் என்றன. 60 விழுக்காட்டினர் ஆம் என்றனர். விலங்குகள்மீது மெய்யான பரிவு கொண்டவர்களும் அவர்களில் இருந்தனர். யூதர்மீது பகை கொண்டவர்களும் இருந்தனர். வாக்குச்சீட்டு இருவரையும் பிரித்துக் காட்டுவதில்லை.

நம் திருச்சபை எப்போதும் துன்புற்ற பக்கமே நின்றது என்று எண்ணிவிடாதீர்கள். 1555இல் லொக்கார்னோவின் சீர்திருத்தச் சபையினரை வெளியேற்றியவர்கள் கத்தோலிக்க மாநிலத்தார். அந்தக் குடும்பங்கள் குளிர்காலத்து மலைவழியாகச் சூரிச்சை அடைந்தன. அயல்நாடான ஒஸ்ரியாவில் கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1781இல் சீர்திருத்தச் சபையினருக்கு வழிபாட்டிடம் அமைக்க இசைவளித்தார். அது பெருந்தன்மை என்று அந்நாளில் போற்றப்பட்டது. ஆனால் நிபந்தனைகள் மூன்று: கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருப்பக்கம் வாயில் கூடாது. தொழுதுகொள், ஆனால் கண்ணில் படாதே. 2009க்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கோபுரத் தடையை நம்மவர் எழுதிவிட்டனர்.

உங்களில் சிலர் இதை வாசிக்கும்போது என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வின்ரர்தூரில் ஒரு தொழுகையிடத்தில் 2016இல் இமாம் கைதாகவில்லையா? ஆம், வன்முறையைத் தூண்டியதற்காக அவர் தண்டிக்கப்பட்டார், 2017இல் அந்த இடம் மூடப்பட்டது. அங்கே மினாரா இல்லை. தடைசெய்யப்பட்ட கல்லும் சிமெந்தும் அந்த இமாமின் நாவைத் தடுக்கவில்லை, குற்றவியல் சட்டமே தடுத்தது. வெளிநாட்டுப் பணம் பற்றிய வினா நியாயமானது. கணக்கைக் கேளுங்கள், எல்லாரிடமும் கேளுங்கள், நம்மிடமும் கேளுங்கள். சவூதி அரேபியாவில் ஆலயம் கட்ட முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது, அது அநீதி. அந்த அநீதிக்கு வாங்கனிலுள்ள துருக்கியத் தொழிலாளி பொறுப்பாளி அல்லன். மனச்சாட்சியின் சுதந்திரத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிக்கையிட்டபோது, பதிலுக்குப் பதில் என்ற நிபந்தனை எதையும் அதில் எழுதவில்லை. அதே ஆண்டின் மற்றோர் ஏடு முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று தெளிவாகச் சொல்லிற்று.

இன்னொரு வினா இருக்கிறது. அதை நீங்கள் உரக்கக் கேட்பதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் நம் உறவுகள் சிதறினர். அந்த வாரம் முழுவதும் தொலைபேசியில் உங்களோடு அழுதவன் நான். அந்தக் கோபத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் நம் நினைவு அந்த நாளில் தொடங்கக் கூடாது. 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் முழுவதுமாக விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. அயல்வீட்டுக்காரர் போனதைக் கண்டவர்கள் நம் பங்கில் இன்றும் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஜூலை 9ஆம் நாள், நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்த நம் மக்கள்மேல் குண்டு விழுந்தது. வழிபாட்டிடம் இலக்காகும்போது என்ன நேரும் என்பதை நம்மைவிட அறிந்தவர் இந்நாட்டில் அதிகம் பேர் இலர்.

2009இன் தடை இன்றும் நிற்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போன முறைப்பாடுகள், முறையிட்டோர் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்ற காரணத்தால் 2011இல் ஏற்கப்படவில்லை. சங்க்ட் காலன் மாநிலத்தின் வீல் நகரில் 2017இல் திறந்த புதிய பள்ளிவாசல் குவிமாடத்தோடு நிற்கிறது, மினாரா இல்லை. பேர்ண் நகரின் ஐரோப்பா சதுக்கத்தில் 2014 திசம்பரில் திறந்த சமயங்களின் இல்லத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கே ஒரே கூரையின் கீழ் ஒரு பள்ளிவாசலும், நம் ஈழத்துச் சைவர்களின் சிவன் கோவிலும், கிறிஸ்தவர், பௌத்தர், அலவியர் ஆகியோரின் வழிபாட்டிடங்களும் உள்ளன. திருவிழா நாளில் நாதசுரம் ஒலிக்கும் அந்தக் கட்டடத்திலேயே வெள்ளிக்கிழமைத் தொழுகையும் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1990இல் அறுந்துபோன அயல் உறவு பேர்ணில் ஒரு படிக்கட்டு அளவில் மீண்டிருக்கிறது. அவ்வளவுதான் என்று சொல்லலாம், அவ்வளவாவது என்றும் சொல்லலாம்.

உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று சுவிஸ் குடிமக்கள். ஆண்டுக்குப் பலமுறை வாக்குச்சீட்டு உறை உங்கள் வீட்டுக்கு வருகிறது. நகரசபை அறிவித்தல்களும் வருகின்றன. எப்படி வாக்களிப்பது என்று கட்டளையிடுவது என் பணி அன்று. 1973இலும் 2001இலும் நமக்காகக் கை உயர்த்தியவர்களில் பலர் நம் சமயத்தவர் அல்லர் என்பதைச் சொல்வது என் பணி.

நவம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் சமயங்களின் வாரம் வருகிறது. பல பள்ளிவாசல்கள் அந்நாள்களில் கதவு திறந்து வருவோருக்குத் தேநீர் கொடுப்பர். இம்முறை நம் பங்கிலிருந்து ஒரு குழுவாகச் செல்லலாம் என்று எண்ணுகிறேன். வர விரும்புவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடமோ மறைக்கல்வி ஆசிரியர்களிடமோ பெயர் கொடுங்கள். இளையோரையும் அழைத்து வாருங்கள். காலணியை வாசலில் கழற்ற வேண்டியிருக்கும், கிழியாத காலுறை அணிந்து வாருங்கள்.